பெஞ்சின் வலது ஓரம்

1. முன்னுரை

இக்கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை முதற்கண் ஒப்புக்கொள்வதே முறை.

நாற்பத்து மூன்றாம் வயதில், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வை எழுதினேன். ‘நீ சென்று வந்த பூங்கா’ என்னும் தலைப்பில் கட்டுரை வரைக என்று வினாத்தாள் பணித்தது. முன்னுரை, பூங்காவின் அமைப்பு, செடிகொடிகள், பறவைகள், முடிவுரை என ஐந்து உட்தலைப்புகள் இட்டு, அவற்றின்கீழ் அளவுகோல் வைத்துக் கோடும் இட்டு, ஒன்றரைப் பக்கம் வரைந்தேன். என் கட்டுரையில் நீரூற்றுகள் வான்நோக்கிப் பாய்ந்தன. மயில்கள் தோகை விரித்தன. எட்டு மதிப்பெண்ணுக்கு ஏழு கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் அந்நாள்வரை நான் எந்தப் பூங்காவினுள்ளும் காலடி வைத்ததில்லை.

தேர்ச்சி பெற்றபின் அந்த ஏழு மதிப்பெண் உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சேலம் மாநகரின் நடுவே விரிந்து கிடக்கும் பெரிய பூங்காவிற்குச் சென்றேன். நீரூற்று இருந்தது, நீர் இல்லை. மயில் இருந்தது, சிமெண்டால் ஆனது. உயிருள்ளதாக ஒன்றே ஒன்று கண்டேன். தொலைவில் ஒரு பெஞ்சில் ஒரு பெண்ணின் இடப்பக்கம் அமர்ந்திருந்த மனிதர் எழுந்தார். பெஞ்சைச் சுற்றி நடந்தார். அவளுடைய வலப்பக்கம் வந்து அமர்ந்தார்.

அவ்வளவே. அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இனி வருவன அனைத்தும் அந்த ஒரு காட்சிக்கு நான் கட்டிய மதில்கள்.

2. தொடக்கங்கள்

முதல் தொடக்கம்: “கதிரவன் தன் பொற்கதிர்களை விரித்துக் கீழ்வானில் எழுந்த அவ்வினிய வேளையில், வினோலியா என்பாள்…”

(நிறுத்துக. கதை நிகழ்வது மாலை நாலரை மணிக்கு.)

இரண்டாம் தொடக்கம்: “மரங்கள் மனிதனின் நண்பர்கள். அவை நமக்கு நிழல், கனி, காற்று ஆகியவற்றை…”

(இது கட்டுரை. ஒருமுறை எழுதியாயிற்று.)

மூன்றாம் தொடக்கம்: வினோலியாவிற்கு இடது காது கேட்காது.

இது நிற்கட்டும்.

3. வினோலியா

வினோலியாவிற்கு இடது காது கேட்காது. ஒன்பதாம் வயதில் பொன்னுக்கு வீங்கி கண்டது. வழக்கப்படி அவள் தாய் ரோசி தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி மகளின் கழுத்தில் போட்டாள். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. சங்கிலி தாயிடம் திரும்பியது. கேள்வி மட்டும் திரும்பவில்லை.

இப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. செவ்வாய்ப்பேட்டையில் திருமண அழைப்பிதழ் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். அமைதியான வேலை. பெயர்கள் பேசுவதில்லை.

ஒற்றைக் காது உடையவர்க்கு ஓசை உண்டு, திசை இல்லை. குயில் கூவினால் கேட்கும்; எந்த மரம் என்று தெரியாது. தெருவில் யாரேனும் அழைத்தால் அவள் நாற்புறமும் திரும்பிப் பார்ப்பாள். உலகம் முழுவதும் அவளுடைய வலத்தோளின்மேல் வந்து குவிந்திருப்பது போலவும், இடத்தோளுக்கு அப்பால் ஆழமான நீர்நிலை ஒன்று ஓசையின்றித் தேங்கியிருப்பது போலவும் அவளுக்குத் தோன்றும். சிறுமியாக இருந்தபோது அந்நீரில் மீன்கள் உண்டு என்றுகூட நம்பியிருந்தாள்.

இங்கே ஒரு கட்டுப்பாட்டை அறிவிக்கிறேன். இக்கதை வினோலியாவின் வலக்காதின் அருகே அமர்ந்து சொல்லப்படுகிறது. அவளுக்குக் கேட்காத எதுவும் உங்களுக்கும் கேட்காது. எனக்கும்தான்.

4. பூங்காவில் பெண் பார்க்கும் முறை

பெண் பார்க்க வீட்டிற்கு வருவது பழைய முறை. அதில் ஒரு தொல்லை உண்டு: தெரு பார்த்துக்கொண்டிருக்கும். வினோலியாவைப் பார்க்க ஐந்து குடும்பத்தார் வந்தார்கள். ஐந்து முறையும் ரோசி, வரவேற்பறைச் சோபாவின் இடது முனையில் மகளை அமர்த்தி, அவள் இடப்பக்கத்தை அலமாரியோடு ஒட்டவைத்து, மாப்பிள்ளை வீட்டார் அனைவரும் வலப்பக்கம் மட்டுமே அமரும்படி நாற்காலிகளை அடுக்கினாள். ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. மூவர் வேறு காரணங்களால் விலகினர். காது விவரம் பின்னர் தெரியவந்து, ஒருவர் நிச்சயத்திற்குப்பின் விலகினார். மற்றொருவரோ, கோவிலில் முதல் ஓலை வாசித்த பிறகு விலகினார்.*

அவர் விலகிய அன்று சொன்ன சொல் வினோலியாவின் வலக்காதில் தெளிவாக விழுந்தது. “காது போனா போவுது. என்ன ஏமாத்தி உக்கார வெச்சுட்டீங்களே.”

ஆகவே, ஆறாவது வரன் வந்தபோது அவள் தாய்க்குத் தெரியாமல் ஒரு முடிவு செய்தாள். இம்முறை வணக்கம் சொல்வதற்கு முன்பே காதைப் பற்றிச் சொல்லிவிடுவது. சொன்னபின் எழுந்து போகிறவர் போகட்டும். அந்த ஒரு வாக்கியத்தை அச்சகத்தில் மூன்று நாள் மனத்துக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்தாள். ஒருமுறையேனும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை.

இந்த ஆறாவது சந்திப்பைப் பூங்காவில் வைத்தவர் உபதேசியார் ஞானதாஸ். அவர்களுடைய கோவில் பங்கில் பாதித் திருமணங்கள் அவர் வழியாகவே நடந்தன. பூங்காச் சந்திப்பின் விதி இது: இரு குடும்பமும் தற்செயலாக எதிர்ப்பட்டது போல் நடிக்க வேண்டும். ‘நீங்கள்தானே அவர்கள்?’ என்று யாரும் கேட்கக் கூடாது. அமையாவிட்டால், உலாவச் சென்றோம், திரும்பினோம் என்று போய்விடலாம்.

“நீங்க யானைச் செலப் பக்கமா சும்மா நடந்து வாங்க,” என்றார் உபதேசியார். “மாப்ள ஊட்டுக்காரங்க எதுத்தாப்புல பெஞ்சுல உக்காந்து தட்டுவடை செட் தின்னுக்கிட்டு இருப்பாங்க. அதான் அடையாளம். மத்தத ஆண்டவர் பாத்துக்குவாரு.”

ஞாயிறு மாலை, சேலத்துப் பூங்காவில், ஊரே கொறிக்கும் தட்டுவடை செட் ஓர் அடையாளமாம். ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக்குப் போய், நனைந்திருப்பவர்தான் நம் ஆள் என்று தேடுவதற்கு இது ஒப்பாகும். ஆனால் ரோசி வீட்டு அறையில் இருந்த மூவரும் சேலத்துக்காரர்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

___
* ஓலை வாசித்தல்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிகழவுள்ளது என மூன்று ஞாயிறுகள் திருப்பலியில் அறிவிக்கும் கத்தோலிக்க வழக்கம். முதல் ஓலைக்குப்பின் இரண்டாம் ஓலை வாசிக்கப்படாவிட்டால், அந்த அமைதியை ஊர் முழுவதும் கேட்கும். இரு காதாலும்.

5. வாயிலில்

“இடது ஓரத்துல உக்காரு, என்ன?” என்று ரோசி நுழைவுச்சீட்டு வாங்கும்போதே தொடங்கினாள். “ஓரத்துல உக்காந்துட்டா அந்தப் பக்கம் ஒருத்தரும் வர முடியாது. சொல்றதச் சிரிச்சுக்கிட்டே கேளு. தலைய ரொம்பத் திருப்பாத.”

“சரிம்மா.”

“இந்தச் சரியத்தான் நான் நம்ப மாட்டேன்.”

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “அடடே, ரோசியக்கா! நீங்களும் நடக்க ஆரம்பிச்சுட்டீங்களா?” அதே தெருவைச் சேர்ந்த டெபோரா. காலில் வெள்ளைக் கேன்வாஸ் காலணி. “வாங்க, துணைக்கு ஆளில்லாம இருந்தேன்.”

பட்டுச் சேலையும் இரண்டு முழம் மல்லிகையுமாக நின்ற ரோசி, பெண் பார்க்க வந்தோம் என்று சொல்வதைவிட நடப்பதே மேல் என்று துணிந்தாள். மகளைக் கண்ணால் முன்னே போகச் சொல்லிவிட்டு, நடைபாதையில் டெபோராவோடு விரைவாக மறைந்தாள்.

6. யானைச் சிலைக்கு எதிரே

வினோலியா தனியே நடந்தாள். தூங்குமூஞ்சி மரங்கள் பாதையின் இருபுறமும் கைகோத்து நின்றன. இளஞ்சிவப்புப் பூக்கள் நூல்நூலாக உதிர்ந்து, விழும்வழியில் காற்றில் சற்று நின்று, பின் விழுந்தன. சிறுவர் ரயில் எங்கோ ஊதியது. எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை என்பதுபோல் அந்தப் பூங்கா இருந்தது. வெயில்கூட அங்கே முடிவெடுக்காமல் இலைகளுக்கிடையே தயங்கியது.

யானைச் சிலைக்கு எதிரே ஓர் இரும்புப் பெஞ்சு. ஒரு கால் குட்டை. அமர்ந்தால் ஒரு பக்கம் சாயும்; எழுந்தால் மறுபக்கம் சாயும். அதில் வயதான ஓர் அம்மாளும் நாற்பதை நெருங்கும் ஒருவரும் இருந்தனர். இருவருக்கும் நடுவே காகிதத் தட்டு. தட்டில் தட்டுவடை செட். காலடியில் ஒரு பெரிய பயணப்பை. மாப்பிள்ளை வீட்டார் ஆத்தூரிலிருந்து வருபவர்கள், பை கொண்டு வந்திருப்பார்கள் என்று வினோலியா எண்ணினாள். மூன்றாம் வரனுக்குப் பிறகு அவள் நிழற்படம் பார்ப்பதை விட்டிருந்தாள். மாப்பிள்ளையின் பெயர் ஜூட் என்றும், ஜவுளிக்கடையில் மேற்பார்வையாளர் என்றும் மட்டும் அறிவாள்.

“இங்க உக்காரலாங்களா?” என்றாள்.

“உக்காரு சாமி. பெஞ்சென்ன நாங்க ஊட்ல இருந்தா கொண்டாந்தோம்?” என்று அம்மாள் எழுந்தார். பெஞ்சு சாய்ந்தது. “டேய், நா போயி அந்தக் கிளிக்கூண்டப் பாத்துப்போட்டு வாரேன். வண்டிக்கு இன்னும் நேரங் கெடக்குதல்ல?”

மாப்பிள்ளையின் தாய் நாகரிகமாக விலகிக்கொள்கிறார் என்று வினோலியா புரிந்துகொண்டாள். அவர் எழுந்த இடத்திலேயே அமர்ந்தாள். அமர்ந்த பிறகுதான் உணர்ந்தாள்: அது பெஞ்சின் வலது ஓரம். அந்த மனிதர் அவளுக்கு இடப்பக்கம் இருந்தார்.

அவர் சொன்னார்: [                    ].

(இவ்விடத்தை நான் நிரப்ப முடியாது. தட்டு அவள் பக்கம் சற்று நகர்ந்ததால், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.)

வினோலியா யானையின் கால்நகத்தைப் பார்த்தபடி, மூன்று நாளாகத் திருத்திய வாக்கியத்தைச் சொன்னாள். வாயிலிருந்து வரும்போது அது வேறாக வந்தது.

“ஒண்ணு முதல்லயே சொல்லிடறேங்க. எனக்கு இடது காது கேக்காது. சின்ன வயசுல இருந்தே. அம்மா உங்ககிட்டச் சொல்லியிருக்க மாட்டாங்க. இப்ப நீங்க என்னமோ சொன்னீங்க, அதுகூட எனக்குக் கேக்கல.”

பெஞ்சு சாய்ந்தது. அவர் எழுந்துவிட்டார்.

போகட்டும் என்று நினைத்தாள். யானைக்கு முன்காலில் நான்கு நகங்கள் இருந்தன. அவற்றை மறுபடி எண்ணினாள். இடத்தோளுக்கு அப்பால் இருந்த நீர்நிலை அசைவற்றுக் கிடந்தது.

பிறகு வலப்பக்கத்திலிருந்து, மிக அருகே ஒரு குரல் கேட்டது. “கொஞ்சம் அந்தப் பக்கம் நவுந்துக்கங்க.”

அவர் எழுந்த இடத்திற்கு அவள் நகர்ந்தாள். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. அவர் வலது ஓரத்தில் அமர்ந்து தட்டை நடுவே வைத்தார்.

“இப்பக் கேக்குதுங்களா? தட்டுவடை எடுத்துக்கங்கன்னு சொன்னேன். எங்க போர்வண்டியில எல்லாத்துக்கும் ஒரு காது அவுட்டுங்க. கம்ப்ரசர் பக்கம் நிக்கறவனுக்கு ஒரு காது, லிவர் புடிக்கறவனுக்கு இன்னொரு காது. பூமிய ஆயிரம் அடி தொளைக்கறப்ப அந்தச் சத்தம் சும்மா போயிருமா?”

“அப்புறம் எப்படிப் பேசிக்குவீங்க?”

“சோத்துக்கு உக்காரயில அவனவன் காதுக்குத் தக்கனதான் உக்காருவோம். புதுசா ஆளு வந்தா மொதல்ல அதத்தான் சொல்லிக் குடுக்கறது. இவனுக்கு இந்தப் பக்கம், அவனுக்கு அந்தப் பக்கம்னு. ஒருத்தன் எடம் மாறி உக்காந்தான்னா, கொழம்பு கேட்டா ஒருத்தனும் ஊத்த மாட்டான்.”

வினோலியா சிரித்தாள். பிறர் இருக்கும்போது தலையை நன்றாகத் திருப்பிச் சிரித்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. மரங்களின்மேல் இலைகள் ஒவ்வொன்றாக மடியத் தொடங்கின. இருபத்து நான்கு ஆண்டுகளாக, யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று தானே கணித்து, தானே நகர்ந்து, தானே கழுத்தைத் திருப்பியவள் அவள். ஒருவர் எழுந்து சுற்றி வருவார் என்பது அவள் கனவிலும் இடம்பெறாத ஒன்று. அப்படி ஒன்று நடந்த உலகில், குயில் எந்த மரத்தில் கூவினால்தான் என்ன? எல்லா மரத்திலும் கூவட்டும்.

பின்னர்தான் அவளுக்குள் இருந்த பிழை திருத்துபவள் விழித்தாள்.

“போர்வண்டியா? ஜவுளிக்கடை வேலைய விட்டுட்டீங்களா?”

“எந்த ஜவுளிக்கடைங்க?”

“உபதேசியார் சொன்னாரே…”

“எந்த உபதேசியாருங்க?”

இருவரும் தட்டைப் பார்த்தார்கள். பிறகு சுற்றிலும் பார்த்தார்கள். அடுத்த பெஞ்சில் தட்டுவடை செட். புல்வெளியில் ஐந்து குடும்பம், ஐந்து தட்டு. காவலாளியின் கையிலும் ஒன்று.

7. ஒரு பாத்திரத்தின்மீது எழும் ஐயம்

இவர் பெயர் சிவபிரகாஷ். ஊர் மல்லசமுத்திரம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டியில் வடமாநிலங்களுக்குப் போய் வருபவர். அன்றிரவு ரயிலேற வேண்டும்; வழியனுப்ப வந்த தாய் கந்தம்மாளோடு நேரம் போக்கப் பூங்காவில் அமர்ந்திருந்தார்.

இவர்மீது எனக்கே ஐயம் உண்டு. இத்தனை நல்லவர் ஒரு பெஞ்சில் அகப்படுவாரா? நான் தொலைவிலிருந்து கண்ட மனிதர் எழுந்து இடம் மாறியதற்குக் காரணம், மேற்கு வெயில் அவர் முகத்தில் அடித்ததாகவும் இருக்கலாம். உண்மையில் அவ்வாறே இருக்கும் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

8. கிளிக்கூண்டிலிருந்து

“என்ன சாமி, மொகமெல்லாஞ் செவந்து போச்சு?” என்று கேட்டுக்கொண்டே கந்தம்மாள் வந்தார்.

“இந்தப் புள்ள என்ன மாப்பிளைன்னு நெனச்சுப்போட்டுது.”

“அட கெரகமே!” கந்தம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். “இவனுக்கு ரண்டு புள்ளைங்க சாமி, பெரியவ எட்டாவது படிக்கறா. நீ ஒரு பதனஞ்சு வருசம் முந்தி வந்திருக்கோணும்!”

வினோலியா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். பிறகு விரல்களுக்கிடையிலிருந்து, “நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?” என்றாள்.

“எங்கீங்க உட்டீங்க? உக்காந்ததும் காதச் சொன்னீங்க. நா காதுக்குத்தான் பதில் சொன்னேன்.” அவர் பையைத் தோளில் மாட்டினார். “வெள்ளோட்டம்னு வெச்சுக்கங்க. ஒருக்காச் சொல்லிப் பாத்தாச்சு, இனி வர்றவருகிட்டயும் சொல்லிப்போடுங்க.”

“அவரு எந்திரிச்சுப் போயிட்டா?”

சிவபிரகாஷ் பையின் வாரை இறுக்கினார். “சுத்தி வரணும்னாலும் மொதல்ல எந்திரிக்கத்தானுங்களே வேணும்.”

கந்தம்மாள் மீதமிருந்த ஒரு தட்டுவடையை அவள் கையில் திணித்தார். “தின்னு சாமி. வெறும் வவுத்துல மாப்பிள பாக்காத.” இருவரும் மரநிழலில் நடந்து, பூக்கள் விழும் இடத்தைக் கடந்து போனார்கள்.

9. ஏற்கப்படாத முடிவுகள்

(அ) தேர்வுக்கேற்ற முடிவு: இருமனம் ஒத்துத் திருமணம் நிகழ்ந்தது, தன் அழைப்பிதழைத் தானே பிழை திருத்தினாள், பூங்கா நமக்குப் பொறுமையைக் கற்பிக்கிறது. ஏழு மதிப்பெண். வேண்டா.

(ஆ) சிவபிரகாஷ் ரயிலைத் தவறவிடுகிறார். இதைத் தடுக்கவே அவருக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தேன்.

(இ) வினோலியா எழுந்து, யாரையும் பாராமல், சிறுவர் ரயிலில் ஏறிப் போய்விடுகிறாள். அழகாக இருக்கும். ஆனால் மூன்று நாள் சுமந்த வாக்கியத்தை வேறொருவரிடம் இறக்கிவிட்டு ஓடுகிறவள் அவளல்லள்.

10. முடிவுரை

ரோசி வியர்வையில் நனைந்து வந்து சேர்ந்தாள். மல்லிகை துவண்டிருந்தது. “மூணு சுத்துடி! மூணு சுத்து நடக்க உட்டுட்டா அந்த டெபோரா. அவ பக்கத்துல போனக்கூட எடுக்க முடியல. இப்பத்தான் உபதேசியார் போன எடுத்தேன், மாப்ள வீட்டுக்காரங்க வாராங்க. அடையாளத்துக்குத் தட்டுவடை வாங்க இவ்ளோ நேரம் வரிசையில நின்னாங்களாம். உக்காரு, உக்காரு. இடது ஓரம். ஞாபகம் இருக்கா?”

பாதையின் வளைவில் உபதேசியார் தோன்றினார். “அட, ரோசியம்மா! நீங்க எங்க இங்க? ஆண்டவரோட சித்தத்தப் பாத்தீங்களா!”

“சும்மா நடக்கலாம்னு வந்தோம் உபதேசியாரே,” என்றாள் ரோசி மூச்சிரைக்க. அன்று நடித்தவற்றுள் அது ஒன்றே உண்மை.

ஜூட் தன் தாய்க்குப் பின்னே வந்தார். காகிதத் தட்டை இரு கைகளாலும், காணிக்கைத் தட்டைப்போல் ஏந்தியிருந்தார். ஒல்லியானவர். தட்டில் ஒன்றும் தின்னப்படவில்லை. வினோலியாவிற்கு அது பிடித்திருந்தது. பிடித்தது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம் என்றும் எண்ணினாள்.

பெரியவர்கள் கிளிக்கூண்டு பார்க்க விலகினார்கள். போகும்போது ரோசி கண்ணால் பெஞ்சின் இடது ஓரத்தைக் காட்டினாள். ஒரு முறையல்ல, மூன்று முறை.

வினோலியா வலது ஓரத்தில் அமர்ந்தாள்.

ஜூட் அவளுடைய இடப்பக்கம் அமர்ந்தார். தட்டை நடுவே வைத்தார். அவர் சொன்னார்: [                    ].

“ஒண்ணு முதல்லயே சொல்லிடறேங்க,” என்றாள் வினோலியா. இம்முறை வாக்கியம் முழுவதும், ஒரு சொல்லும் இடறாமல் வந்தது. சொல்லி முடித்து யானையின் நகங்களைப் பார்த்தாள். நான்கு.

தூங்குமூஞ்சி மரத்தின் கடைசி இலைகளும் மடிந்துகொண்டிருந்தன.

பெஞ்சு சாய்ந்தது. அவர் எழுந்துவிட்டார்.

இனி நான் உதவ இயலாதவன். அவளுடைய வலக்காதின் அருகே அமர்வேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இடப்பக்கத்தில் நடக்கும் காலடி, பெஞ்சின் பின்னால் சுற்றி வருகிறதா, பாதையை நோக்கிப் போகிறதா என்பது இங்கிருந்து கேட்காது. உங்களுக்கு இரு காதுகள் இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள்.

வினோலியா திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை மடியில் எடுத்துக்கொண்டு, அவர் எழுந்த இடத்திற்கு நகர்ந்தாள். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்கு வலப்பக்கம், ஒருவர் அமரும் அளவிற்கு இடம் இருக்கிறது.